பாறைக்குப் பேர் சும்மா வைக்கலை பாஸ்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. ‘குற்றாலம் போலாம்டா’ என்பான் ஒருத்தன். ‘கொடைக்கானல்!’ என்பான் இன்னொருத்தன். எல்லோரும் பர்ஸைத் திறந்து காசை எண்ணினால், டூர் டீக்கடை பெஞ்சிலேயே முடிஞ்சிடும். சிவகாசி, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் படிக்கிற ஆளா நீங்க? அப்படின்னா ஒருநாள் காலையில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஏறி மேற்கே பாருங்க. நீலமா ஒரு மலைத்தொடர் நிக்குதே... சதுரகிரி அங்கேதான் இருக்கு. பஸ் காசும் கொஞ்சம் மூச்சும் இருந்தால் போதும்.

மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் வந்து திரும்பினால் சுந்தரபாண்டியம், அப்புறம் வத்திராயிருப்பு. அங்கிருந்து மலை அடிவாரமான தாணிப்பாறை. ரோடு அங்கேயே முடிஞ்சுபோகும். மேலே சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்கள். நல்லா நடக்கிறவங்களுக்கே மூணு, நாலு மணி நேரம் ஆகும். ஷூவில் ஏறினாலும் செருப்பில் ஏறினாலும் பாறை பாறைதான்!

ஏற ஆரம்பிச்சதும் கூட நடக்கிற யாராவது கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. பச்சைமால் என்று ஒரு மாடு மேய்க்கிறவர். ஒரு மாட்டுக்கு மட்டும் தினம் பால் குறையுது. ஒளிஞ்சிருந்து பார்த்தால், யாரோ ஒரு சாமியார் மடியில் வாய் வைத்துக் குடிக்கிறார். ஆத்திரத்தில் கம்பால் ஒரே போடு. அடி வாங்கினது சிவன். மேலே லிங்கம் லேசா சாய்ந்து இருக்கிறது அந்த அடியால்தான் என்பார்கள். அடிச்சவனையே பக்தனாக்கிக்கிட்ட சாமி. எனக்கு இந்த மலையிலேயே ரொம்பப் பிடிச்ச கதை இது.

இன்னொண்ணு பிலாவடி கருப்பு. மேலே கோயில் கட்டிய வணிகருக்குப் பணம் தீர்ந்துபோக, காலாங்கிநாதர் என்ற சித்தர் தங்கம் செய்யும் தைலம் காய்ச்சிக் கொடுத்தாராம். மிச்சத்தைக் கிணற்றில் ஊற்றி மூடி, கருப்பசாமியைக் காவலுக்கு வைத்தாராம். இருட்டில் எரியும் ஜோதிப்புல், வழிகாட்டிட்டு மாயமாகும் நாய், நுழைஞ்சால் திசையே தெரியாமல் சுத்தவைக்கும் மதிமயக்கி வனம்... லிஸ்ட் நீளம். நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

ஆனா வழியில் வரும் பேர்களை மட்டும் கொஞ்சம் கவனிங்க. வழுக்குப்பாறை. சங்கிலிப்பாறை. மாங்கனி ஓடை. வழுக்குப்பாறை என்றால் வழுக்கும், அவ்வளவுதான். சங்கிலிப்பாறையில் ஒருகாலத்தில் சங்கிலியைப் பிடிச்சுத்தான் கடந்தாங்களாம். சங்கிலி தேவைப்பட்ட இடம் என்றால் தண்ணி எப்படி வந்திருக்கும்? போர்டு இல்லாத காலத்து எச்சரிக்கைப் போர்டுதான் இந்தப் பேரெல்லாம். மதிமயக்கி வனமும் அதே கேஸ்தான். ‘தடத்தை விட்டு விலகாதே’ என்று சொன்னால் எந்தக் காலத்துப் பையன் கேட்டான்? கதையா சொன்னாத்தான் கேட்டிருக்கான்.

2015 மே மாதம், அமாவாசையை ஒட்டி மலையில் நல்ல கூட்டம். கோடை மழை பெய்து ஓடைகளில் திடீர்னு வெள்ளம் வந்தது. அடித்துச் செல்லப்பட்டுப் பக்தர்கள் சிலர் இறந்துபோனார்கள். தண்ணி எங்கிருந்து வந்தது? உச்சியில் பெய்கிற மழையைச் செங்குத்தான பாறை உறிஞ்சாது. எல்லாம் சேர்ந்து குறுகலான ஓடையில் இறங்கும். உங்க தலைக்கு மேல ஒரு சொட்டு விழுந்திருக்காது, வெயில்கூட அடிக்கும், ஆனா ஓடை ஏறிடும். அதனால் தண்ணி கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் காலை வைக்காதீங்க. ‘நாலு எட்டுதானே மச்சி, தாண்டிடலாம்’ என்கிற ஃப்ரெண்டைச் சட்டையைப் பிடிச்சு உட்கார வைங்க. மேட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் தண்ணி வடியும். லேட்டா வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கலாம், தப்பில்லை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகிடுச்சு. டென்ட் போட்டு நிலா பார்க்கிற ஐடியா இருந்தா இங்கேயே மடிச்சு வைங்க, ராத்திரி மலையில் தங்கக் கூடாது. எந்த நாள், எத்தனை மணிவரை ஏறலாம் என்பது மாறிக்கிட்டே இருக்கும். கிளம்பும் முன் வனத்துறையிடம் விசாரிச்சுக்குங்க.

இது வெறும் கோயில் மலை இல்லை. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாச்சு. அந்த அணில் முடிஞ்சவரை தரைக்கே வராது, கிளைவிட்டுக் கிளை தாவிப் போகும். நடுவில் நாலு மரம் போனால் அதுக்கு ரோடு கட்! செல்ஃபியைக் கொஞ்சம் நிறுத்திட்டு அண்ணாந்து பாருங்க, அதிர்ஷ்டம் இருந்தால் நீளமான வால் தெரியும்.

அடிவாரத்தில் பையைச் சோதிப்பாங்க. பிளாஸ்டிக், தீப்பற்றுகிற பொருள் எதுவும் கூடாது. ஊருக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற சிவகாசிக்காரன் ஒரு தீக்குச்சிகூட இல்லாமல் ஏறவேண்டிய மலை!

முதல் தடவையே ஆடி அமாவாசைக்குப் போயிடாதீங்க. கூட்டத்தில் முன்னால் போறவர் முதுகுதான் தெரியும். விடிஞ்சதும் ஏறி, வெயில் சாயும் முன் இறங்கிடுங்க. இறங்கும்போது முழங்கால் ரெண்டும் தனித்தனியா பேசும். பேசட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பால்கோவா வாங்கிட்டுப் பஸ் ஏறுங்க.