உஷார்! பெயர் ஒன்று, கேமரா வேறு

யூடியூபில் விமர்சனம் பார்த்து, அதில் வந்த இரவுப் படங்களில் மயங்கி, அதே பெயருள்ள போனுக்கு ஆர்டர் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விமர்சகர் கையிலிருந்த போனில் உள்ள கேமராதான் உங்கள் வீட்டுக்கு வரும் பெட்டியிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

2019 ஜனவரியில் சீனாவில் ரெட்மி நோட் 7 வெளியானது. பின்பக்கம் 48 மெகாபிக்சல் கேமரா, சாம்சங்கின் ஜிஎம்1 சென்சார். பிப்ரவரி கடைசியில் அதே பெயர், அதே ஸ்னாப்டிராகன் 660 சிப், அதே கண்ணாடி முதுகோடு 9,999 ரூபாய்க்கு இந்தியா வந்தது. பிரதான கேமரா மட்டும் 12 மெகாபிக்சல்! 48 வேண்டுமானால் 13,999 ரூபாய் கொடுத்து நோட் 7 ப்ரோ வாங்க வேண்டும். அதிலிருந்தது சோனியின் ஐஎம்எக்ஸ்586. மே மாதம் நோட் 7எஸ் என்று இன்னொன்று 10,999 ரூபாய்க்கு 48 மெகாபிக்சலோடு இறங்கியது. சீனாவில் நோட் 7 என்ற பெயரில் விற்றதைத்தான் இங்கே பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் முண்டியடித்து வாங்கியவர்கள் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நல்ல கேமராவைத் தவறவிட்டார்கள்.

ஏதோ ஒருமுறை நடந்தது என்று விட முடியவில்லை. 2020 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த ரெட்மி நோட் 9 ப்ரோவில் 48 மெகாபிக்சல். அடுத்த மாதமே வெளிநாடுகளுக்கு அறிவித்த ரெட்மி நோட் 9 ப்ரோவில் 64. அதே ஆண்டு ரெட்மி 9 இன்னும் மோசம்: வெளிநாட்டுப் போனில் பின்னால் நான்கு கேமரா, இந்தியப் போனில் இரண்டுதான். வைட் ஆங்கிள் லென்ஸே கிடையாது. சிப்பும் வேறு.

இதில் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்பதுதான் பயமே. இந்திய விளம்பரத்தில் 12 என்றால் 12 என்றுதான் போட்டிருந்தார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் நஷ்டம் முழுக்க நம் தலையில்தான்.

கடையில் இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: "சார், 48-ல எடுத்தாலும் படம் 12-ஆத்தான் வரும், ரெண்டும் ஒண்ணுதான்." பாதி உண்மை என்பதால் இது ஆபத்தானது. 48 மெகாபிக்சல் சென்சார் சாதாரணமாக நான்கு நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். ஆனால் 0.8 மைக்ரான் பிக்சல்கள் நான்கு சேர்ந்தால் 1.6 மைக்ரான் பிக்சல் ஒன்றுக்குச் சமம். சென்சாரின் பரப்பும் பெரியது. கல்யாண மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில், இரவு நேரக் கோயில் திருவிழாவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சோதித்தால் தெரியாது.

எல்லா வித்தியாசமும் இப்படிப் பாதிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7-இல் சில போன்களில் சோனி சென்சார், சிலவற்றில் சாம்சங்கின் சொந்த சென்சார். இரண்டும் 12 மெகாபிக்சல், படத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எது நம் கைக்கு வரும் என்பதைப் பெட்டியில் அச்சிடவில்லை.

ஆகவே விமர்சனம் பார்க்கும்போது அது எந்த நாட்டுப் போன் என்று முதலில் கவனியுங்கள். பிறகு அந்தக் கம்பெனியின் இந்திய இணையதளத்தில் மெகாபிக்சலை மட்டுமல்ல, சென்சார் பெயர், அளவு, அப்பெர்ச்சர் மூன்றையும் பாருங்கள். சென்சார் பெயரைச் சொல்லாமல் மெகாபிக்சலை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய போனோ வெளிநாட்டிலிருந்து வந்த போனோ வாங்குகிறவர்கள் பெட்டியிலுள்ள மாடல் எண்ணும் செட்டிங்ஸில் தெரியும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். பின்னால் கேமரா பழுதானால், அதே பெயருள்ள வேறு நாட்டுப் போனின் கேமரா பொருந்தும் என்ற உறுதி கிடையாது.

ஆன்லைனில் வாங்கினால் விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதில் போட்டிருந்த கேமரா வேறு, வந்த கேமரா வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு உடனே கூப்பிடுங்கள்.