வடைக் கணக்கும் சாஃப்ட்வேர் அப்கிரேடும்... நம்பினால் நஷ்டமா?

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் டீக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர் கிளம்பும்போது, "ரெண்டு டீ, மூணு வடை" என்பார். கடைக்காரர் அதை நம்பிக் காசு வாங்கிக்கொள்வார்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கும் இப்படியொரு தருணம் வரும். "பழைய வெர்ஷனைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். பில் தொலைந்துவிட்டது. அப்கிரேடு சலுகை கிடைக்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். நம்புவதா, ஆதாரம் கேட்பதா?

மைக்ரோசாஃப்ட் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஆக்டிவேஷன் கட்டாயம். கம்ப்யூட்டரின் பாகங்கள் பலவற்றை மாற்றினால், மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். சிலர் போன் செய்து நீளமான எண்ணை வாசிக்க வேண்டியிருந்தது. திருட்டு காப்பிக்காரர்கள் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார்கள். அலைந்தது காசு கொடுத்தவர்கள்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவச அப்கிரேடு 2016 ஜூலை 29-ல் முடிந்தது. ஆனால், திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவித் தொழில்நுட்பங்களைப் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளிகளுக்கு 2018 ஜனவரி 16 வரை சலுகை நீடித்தது. சான்றிதழ் கேட்கவில்லை, அவர்கள் சொன்னதே போதும்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, 2017-ல் 'ஸோஹோ ஒன்' தொகுப்பை அறிமுகப்படுத்தியது. அதன் ஒரு திட்டத்தில், நிறுவனத்தின் மொத்த ஊழியர்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆள் எத்தனை பேர் என்பது வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நம்புவதில் வியாபாரக் கணக்கும் உண்டு. ஒரு வடை போனால் மாவும் எண்ணெயும் நஷ்டம். சாஃப்ட்வேரில் இன்னொரு காப்பி எடுக்கச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஆனால், பழைய பில்லைத் தேட ஓர் ஊழியர் அரை மணி நேரம் செலவிட்டால் அதற்குச் சம்பளம் உண்டு. திருடனைப் போல விசாரிக்கப்பட்ட நேர்மையான வாடிக்கையாளர், அடுத்த முறை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. நூற்றுக்கணக்கில் லைசென்ஸ் வாங்கும் நிறுவனங்களிடம் கணக்குக் கேட்பது நியாயம். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்டாலும் விசாரிக்கலாம். ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அதே கெடுபிடி தேவையா என்பதுதான் கேள்வி. ஒரு சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக, அவர் ஏன் தன்னை நிரூபிக்க வேண்டும்?