குறிஞ்சிக் கணக்கு

பெண் குழந்தைகளோடு கோடைக்கானல் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? “இந்த ஏரியை யார் கட்டினார்கள்?” என்றாள் என் சின்னவள். “மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை, 1863-ல்” என்றேன். “தண்ணீரில் விளையாடாதே என்று அவர் அம்மா திட்டவில்லையா?” என்றாளே பார்க்கலாம்!

குறிஞ்சியாண்டவர் கோயிலில் அவளைத் தூக்கி, தூரத்துப் பழனியைக் காட்டினேன். குறிஞ்சிப் பூ எங்கே என்று கேட்டாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். பூத்த வருஷம் பிறந்த பெரியவள் விரல் விட்டு எண்ணினாள்: “அப்போது எனக்குப் பன்னிரண்டு!” அதற்கடுத்த பூவுக்கு இருபத்து நான்கு என்று என் மனம் எண்ணியது.

சின்னவளின் கவலையோ வேறு: “அப்போதும் என்னைத் தூக்கிக் காட்டுவாயா, அம்மா?”

உங்கள் செல்லத்தை இன்றே ஒருமுறை தூக்கிக் கொஞ்சிவிடுங்கள். கனம் ஏறிக்கொண்டே போகிறது!