கதைக்க ஓர் ஆள்: கிராமங்களில் உளநலப் பணியைக் கட்டியெழுப்புவது எவ்வாறு?

"நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது. நித்திரை இல்லை. கைகால் உளைவு. ஒரே யோசினை." எமது கிராமங்களிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்வோரில் எத்தனையோ பேர் வைத்தியரிடம் கூறுவது இதுவே. வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்கள். வைத்தியர் நெஞ்சைச் சோதிக்கிறார், பிரஷரை அளக்கிறார், குளிசை எழுதுகிறார். குளிசை முடிந்துவிடும், யோசனை முடிவதில்லை. அடுத்த மாதமும் அதே வரிசையில் அதே ஆள் நிற்பார்.

இந்த நோய்க்குப் பெயர் சொல்ல நாம் அஞ்சுகிறோம். "அங்கொடைக்கு அனுப்பவேண்டிய கேஸ்" என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் குடும்பங்கள் மாதக்கணக்காக மறைத்து வைக்கின்றன. உண்மையில் மனம் சோர்ந்துபோன பெரும்பாலானோருக்கு அங்கொடையும் வேண்டியதில்லை, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு நாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உளநலக் கொள்கையும் சிகிச்சையை மாவட்டங்களுக்கும் மக்கள் வாழும் இடங்களுக்கும் கொண்டுசெல்லவேண்டும் என்றே கூறியது. அதன் பயனாக எமது பகுதி வைத்தியசாலைகள் சிலவற்றிலும் உளநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அப்படியிருந்தும் இடையில் ஏதோ ஒன்று குறைகிறது. கிளினிக்குக்கும் குடிசைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இடம்பெயர்வு எம்மிடமிருந்து எதைப் பறித்தது என்று கேட்டால் வீடு, காணி, மாடு, நெல்லுமூட்டை என்று கணக்குச் சொல்வோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோரும் அந்தப் பட்டியலைக் கிராம அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் வராத இழப்பு ஒன்று உண்டு. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது முகத்தைப் பார்த்தே "என்ன பிள்ளை, ராத்திரி அழுதனியோ?" என்று கேட்கும் பெரியம்மா எங்கோ ஒரு முகாமுக்குப் போய்விட்டார். வயல் வரம்பில் சேர்ந்திருந்து வெற்றிலை போட்ட கூட்டாளி வேறு மாவட்டத்தில். சங்கக்கடை வாசல், கோயில் வீதி, அருவிவெட்டுக்காலத்துக் கைமாற்று வேலை, இவையெல்லாம் எமது ஊர்களின் உளநல நிலையங்களாக இருந்தன. யாரும் அவற்றுக்கு அப்பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதிவந்தார். 1993இல் அவர் தமிழில் தந்த 'மன வடு' என்ற நூல் தனி மனிதரின் காயத்தைப் பேசியது. பின்னர் அவர் குடும்பமும் சமூகமும் சேர்ந்தே காயப்படுகின்றன என்பதை விளக்கினார். ஊரின் உறவுகளே அறுந்துபோயிருக்கும்போது ஆளை மட்டும் தனியே பிரித்தெடுத்துக் குணமாக்க முடியாது.

இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். நலன்புரி நிலையம் ஒன்றில் கணவனையும் மூத்த மகனையும் இழந்த ஒரு தாயிடம் மூன்று மாதங்களுக்குள் நான்கு நிறுவனத்தார் சென்றனர். ஒவ்வொருவரும் படிவத்தை விரித்து, நடந்ததை முதலிலிருந்து கேட்டனர். நான்காவதாகச் சென்றவர்கள் நாமே. அந்த அம்மா எழுந்து தறப்பாளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "முதல் வந்தவையிட்டைச் சொல்லிப்போட்டன். அவையிட்டை வாங்கிப் படியுங்கோ, சுவாமி" என்றார். அவர் கோபத்தோடு சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடு வந்தவர்கள்தான். ஆனால் எவரும் இரண்டாம் முறை வரவில்லை. புண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டாமற் போவது பணியல்ல.

மறுபடியும் வருகின்ற, பெயர் தெரிந்த ஓர் ஆள். உளநலப் பணியின் அத்திவாரம் இதுவே என்பதற்குத் தொலைவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டில் 2005இல் அரசாங்கமே ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியது. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. அந்நாட்டில் உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா தன்னிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண்ணைத் தற்கொலையில் இழந்தார். அவளை அழைத்துவரத் தாயிடம் பஸ் காசு இருக்கவில்லை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு மக்கள் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை என அவர் உணர்ந்தார்.

2006இல் தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் அவருக்கு மேலதிக ஊழியரும் கிடைக்கவில்லை, கிளினிக்கில் ஓர் அறையும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். ஏற்கெனவே சுகாதாரத் தொண்டு செய்துகொண்டு அப்பகுதியிலேயே வாழ்ந்தவர்கள். இடம் இல்லாததால் முற்றத்தில் ஒரு மர வாங்கு போடப்பட்டது. 'நட்பு வாங்கு' என்று அதற்குப் பெயர். பாட்டிமார் 'மனச்சோர்வு' என்ற வைத்தியச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. மக்கள் தமது ஷோனா மொழியில் சொல்லும் 'குஃபுங்கிசிசா' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டனர். அதன் பொருள் 'மட்டுமீறி யோசித்தல்'. எமது அம்மாமார் சொல்லும் அதே "ஒரே யோசினை"தான்!

அந்த வாங்கில் நடப்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. முதலில் வந்தவர் மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்கிறார். பாட்டி குறுக்கிடுவதில்லை. பின் சொன்னவற்றுள் ஒரேயொரு பிரச்சினையை வந்தவரே தெரிவு செய்கிறார். அதற்கு அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றையும் அவரே தீர்மானிக்கிறார். அடுத்த முறை வரும்போது பாட்டி அதைக் கேட்பார். இவ்வாறு ஆறு சந்திப்புகள். பின்பு அவர் தம்மைப் போன்றவர்களின் குழுவில் சேர்ந்து, கைவேலை செய்தபடி மற்றவர்களோடு கதைக்கலாம். இம்முறையை 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் பரீட்சித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதங்களின் பின் வழமையான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்கில் இருந்து கதைத்தவர்களில் அது நூற்றுக்கு 14 மட்டுமே.

அங்குள்ளதை அப்படியே இங்கு பெயர்த்து நட முடியாது. அது நகரப்புறத்தில் தொடங்கியது. எமது வீடுகளோ பற்றைக் காணிகளுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. ஆனால் "ஒன்றை நீங்களே தெரிவுசெய்யுங்கள்" என்ற அந்தப் படி எமக்கு மிகவும் உதவியது. சொந்தக் காணிக்குத் திரும்பமுடியாமல் பிறர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு கமக்காரர் ஏழெட்டுத் துன்பங்களைச் சொன்னார். தண்ணீர்ப் பம்புக்கு வாங்கிய கடன், மகளின் கலியாணம், காணி உறுதி தொலைந்தது. அவர் கடனைத்தான் தெரிவார் என நாம் எண்ணினோம். அவர் தெரிந்தது வேறு. இடம்பெயர்ந்து வரும் வழியில் இறந்த தாயை வீதியோரம் புதைத்துவிட்டு வந்தவர், அந்தியேட்டி செய்யவில்லை. அதுவே அவரை உறங்கவிடவில்லை. அயலவர்கள் அரிசியும் காய்கறியும் சேர்த்தனர், ஐயர் ஒருவர் வந்து கிரியை செய்தார். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் அந்தப் போகம் வெங்காயம் நட்டார்.

கேட்பவராக யாரைத் தெரிவது? படித்தவரைத் தேடவேண்டாம். ஊரவர் துன்பம் வந்தால் யாருடைய படலையைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். மாதர் சங்கத்தில் ஒருவர், கமக்கார அமைப்பில் ஒருவர் என இருவராவது தேவை. ஏனெனில் ஆண்கள் வாங்கில் வந்து இருக்கமாட்டார்கள். பம்பு திருத்தும்போது, வேலிக்குக் கதியால் போடும்போது, பக்கத்தில் நின்று வேலை செய்பவனிடமே வாய் திறப்பார்கள். குடித்துவிட்டு வந்தபின் கதைப்பது கதையல்ல. மறுநாட் காலை போய்க் கதைக்கவேண்டும்.

இதில் ஒரு பெரிய ஆபத்தையும் சொல்லியாகவேண்டும். ஊரில் எல்லோரையும் அறிந்தவர்தான் ஊர்க்கதை காவுபவராகவும் இருக்கக்கூடும். கேட்டது ஒருமுறை வெளியே போனால் அந்த ஊரில் பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் பயிற்சியில் முதல் நாள் முழுவதையும் இரகசியம் காப்பதற்கே ஒதுக்கலாம் என்பது எமது அபிப்பிராயம். இன்னொன்று: பிறர் துன்பத்தை வாரம் முழுவதும் கேட்கும் பெண் தன் துன்பத்தை எங்கே இறக்கிவைப்பாள்? அவர்கள் மாதம் ஒருமுறையாவது ஒன்றுகூடவேண்டும். பஸ் காசையும் தொலைபேசிச் செலவையும் சங்கம் கொடுக்கவேண்டும். சேவை என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்குவது எமது நிறுவனங்களுக்குப் பழகிப்போன தவறு.

உறவு எல்லா நோயையும் மாற்றிவிடாது. காதில் குரல் கேட்கிறது என்பவர், நாட்கணக்கில் நித்திரையின்றி அலைபவர், உண்ணாமல் ஒடுங்கிக் கிடப்பவர், பிள்ளை பெற்றபின் தன்னிலை மாறிய தாய், இவர்களைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். நெடுங்காலக் குடியைத் திடீரென நிறுத்துபவருக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதுவும் ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டியதே. மனச்சோர்வுக்குத் தரும் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "பலனில்லை" என்று எறிந்துவிடுவோர் பலர். அந்த நான்கு வாரமும் கூட நிற்பதற்குத்தான் ஓர் ஆள் வேண்டும்.

"இருந்து என்ன பயன்" என ஒருவர் சொன்னால், சாக எண்ணுகிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. கேட்காமல் விடுவதே ஆபத்து. வீட்டிலுள்ள கிருமிநாசினியை அன்றே பூட்டிவையுங்கள், அல்லது அயல்வீட்டில் ஒப்படையுங்கள். 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டபின் 2005 அளவில் அது பாதியாகக் குறைந்தது. எண்ணம் எழும் அந்தச் சில மணிநேரம் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருந்தால் ஆள் தப்பிவிடுவார். அவரைத் தனியே விடாதீர்கள். இரவுபகல் எந்நேரமும் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

மாரி தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கிளினிக் தவறும்போதே பலருக்கு மருந்து நின்று நோய் திரும்புகிறது. உங்கள் ஊரில் கிளினிக் மருந்து எடுப்பவர் யார் யார் என்று குடும்பநல உத்தியோகத்தரோடும் அவர்களது வீட்டாரோடும் இப்போதே கதைத்து, ஐப்பசிக் கிளினிக்கில் இரண்டு மாதத்துக்கு மருந்து தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நடக்க முடியாதவரின் கொப்பியை யார் கொண்டுபோவது என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.