உஷார்! நன்றாக வேலை செய்கிறவர்தான் முதலில் விழுகிறார்

உங்கள் வீட்டுப் பிள்ளையோ மருமகளோ கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி இருக்கிறார்களா? தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சாப்பிடுகிறார்களா? ஒன்று கேட்டால் சற்றுக் கழித்து "என்ன கேட்டீங்க?" என்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் முகம் இருண்டுபோகிறதா? குழந்தை ஓடிவந்து மேலே விழுந்தால் சுள்ளென்று எரிந்து விழுகிறார்களா? "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, போகப் போகச் சரியாயிடும்" என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். போகப் போகச் சரியாவதில்லை. போகப் போக முற்றுகிறது.

வேலை எல்லோரையும்தான் நசுக்குகிறது. ஆனாலும் இதை முக்கியமாக ஐ.டி. ஊழியர்களின் வீட்டாருக்காக எழுதுகிறேன். ஓ.எம்.ஆர். நெடுகிலும், கோவை சரவணம்பட்டியிலும், பெங்களூரு வாடகை வீடுகளிலும் ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் புதிய பதிப்பில் 'பர்ன் அவுட்' என்பதை வரையறுத்தது. அது ஒரு நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நாள்பட்டுப்போன வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள். ஆள் வற்றிப்போவது முதலாவது. வேலையின் மேலும் அங்கிருக்கும் மனிதர்கள் மேலும் வெறுப்பும் விலகலும் வருவது இரண்டாவது. 'என்னால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை' என்ற நினைப்பு மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேலையின் தரம் குறைந்த பிறகுதான் ஆபீஸின் கண்ணில் படும். அதுவரை டாஸ்க் எல்லாம் முடிந்துகொண்டேதான் இருக்கும், மெயிலுக்குப் பதில் போய்க்கொண்டேதான் இருக்கும். மேனேஜரின் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பச்சை நிறம்தான். வீட்டில் மட்டும்தான் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் நாம் அதை 'கடமை உணர்ச்சி' என்று கொண்டாடிவிடுகிறோம்.

யாருக்கு இது வருகிறது என்று கவனித்தால் நெஞ்சு பதறுகிறது. ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு வருவது குறைவு. ஒரு வேலையை ஒப்படைத்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்கிறவரைத்தான் பிடிக்கிறது. நள்ளிரவில் புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் யாருக்கு போன் போகும்? எடுப்பவருக்குத்தான். கிளையன்ட் கோபமாக இருந்தால் யாரைப் பேசச் சொல்வார்கள்? பொறுமையானவரைத்தான். அடுத்த புராஜெக்டில் அவரையே போடு என்பார்கள். நன்றாகச் செய்ததற்குக் கிடைக்கும் பரிசு, இன்னும் கொஞ்சம் வேலை. அதை அவர் பாரம் என்று சொல்லமாட்டார். நம்பிக்கை வைத்துத் தருகிறார்கள் என்று பெருமைப்படுவார்.

என் அக்கா மகன் சிறுசேரியில் ஒரு நிறுவனத்தில் டீம் லீட். அந்தக் காலாண்டின் சிறந்த ஊழியர் என்று சான்றிதழ் வாங்கினான். அக்கா அதைச் சட்டம் போட்டு ஷோகேஸில் வைத்தாள். அதே மாதம்தான் அவன் அம்மாவின் போன் வந்தால் திரையைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தான். அவளிடம் பேசப் பிடிக்காமல் இல்லை. யார் கூப்பிட்டாலும் இன்னொரு வேலையாகத்தான் தோன்றியது என்று பிறகு சொன்னான். ஒருநாள் காலை ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே போகக் கால் வரவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் தைரியம் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி அண்ணன் பக்கத்தில் வந்து "தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதும் அழுதிருக்கிறான். வீட்டில் இருந்த நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது.

இப்போது தேறிவிட்டான். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வந்து கேட்பார் என்று சொல்ல முடியாது.

நவம்பர் மாதத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள். நியூயார்க்கின் காலை ஒன்பது மணி, அதுவரை நமக்கு மாலை ஆறரை, அன்றிலிருந்து ஏழரை. கலிஃபோர்னியா கிளையன்ட் என்றால் ஒன்பதரை மணி கான்ஃபரன்ஸ் கால் பத்தரைக்குப் போய்விடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இதே கதைதான். குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த ஒரு மணி நேரம், அங்கே யாரோ கடிகாரத்தைத் திருப்பியதால் இங்கே காணாமல் போகிறது. காலையில் குழந்தையின் ஸ்கூல் வேன் மட்டும் வழக்கம்போல ஏழே காலுக்கு வந்து நிற்கும். தள்ளிப்போன அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. டீமில் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த நான்கு மாதங்களுக்குக் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கைத் தள்ளி வையுங்கள் என்று கேட்க ஊழியருக்கு முழு உரிமை உண்டு. கேட்கச் சொல்லுங்கள்.

மனசு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்திருக்கிறார்கள். வாரத்துக்கு 55 என்றால் ஐந்து நாளுக்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம். ஆபீஸில் ஒன்பது மணி நேரம், ராத்திரி கான்ஃபரன்ஸ் காலில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான், கோட்டைத் தொட்டாயிற்று.

நெஞ்சில் ஏதாவது செய்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை 'கேஸ்'. ஒரு சோடா, ஓர் ஓமவாட்டர், முதுகில் நாலு தட்டு. அது அவ்வளவு லேசான விஷயமில்லை. 2024 ஜூலையில் புனேயில் 26 வயதுக் கணக்காளர் ஒருவர், வேலையில் சேர்ந்த நான்கே மாதங்களில் இறந்துபோனார். வேலைப்பளுதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே நெஞ்சு இறுக்குகிறது என்று மகள் சொன்னதும், ஈ.சி.ஜி. இயல்பாக இருந்ததும், தூக்கம் போதவில்லை, நேரம் தவறிச் சாப்பிடுகிறார் என்று மருத்துவர் சொன்னதும், அதற்குப் பிறகும் அவர் வேலைக்குப் போனதும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. படித்துவிட்டு என்னால் அன்றைக்கு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். முப்பது வயதுதானே என்று தயங்க வேண்டாம். மேனேஜருக்கு மெசேஜ் போடுவதெல்லாம் பிறகு.

இன்னொரு ஆபத்து ரோட்டில் காத்திருக்கிறது. 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். காலை ஆறரைக்கு எழுந்து, ராத்திரி பன்னிரண்டுக்கு ரிலீஸ் முடித்து, பைக்கில் துரைப்பாக்கம் தாண்டி வருகிற பிள்ளை ஒரு சொட்டுக் குடித்திருக்காது. ஆனாலும் குடித்தவனைப் போலத்தான் ஓட்டிக்கொண்டு வருகிறது. ரேடியல் ரோட்டில் திரும்பும்போது எதிரே தண்ணீர் லாரி வரும். அந்த நேரத்தில் வண்டியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு கேப்பில் வரச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஆபீஸ் வேலை இதற்கு மேல். மருமகள் கால் முடித்து ஹெட்போனைக் கழற்றியதும் நேரே மாவு அரைக்கப் போகிறாள் என்றால், அவளுக்கு ஓய்வு என்று ஒரு நேரமே கிடையாது. வீட்டு ஆண்கள் அடுப்படிக்குள் வராமல் 'நீ ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதம்மா' என்று அறிவுரை மட்டும் சொன்னால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"மூணு நாள் ஊட்டி போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்" என்பது நாம் நம்பும் வைத்தியம். போங்கள், நல்லதுதான். ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். விடுமுறைக்கு முன்னும் பின்னும் ஊழியர்களின் பர்ன் அவுட்டை அளந்த ஓர் இஸ்ரேலிய ஆய்வில், திரும்பி வந்த மூன்றே வாரத்தில் பழைய நிலை முழுசாகத் திரும்பிவிட்டது. களைப்புக்கான காரணம் ஆபீஸிலேயே காத்திருந்தால் வேறென்ன நடக்கும்? பர்ன் அவுட்டைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், வேலைச் சுமையை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. தன் வேலையில் தனக்கு ஒரு பிடி இல்லாமல் போவது, உழைப்புக்கேற்ற பலன் வராதது, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல் இல்லாதது, பாரபட்சம், மனசாட்சிக்கு ஒவ்வாத வேலை இவையும் ஆளைத் தின்னும் என்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை கம்பெனி நடத்தும் யோகா வகுப்பு, அப்ரைசலில் நடந்த அநியாயத்தைத் தீர்க்காது.

இதற்கிடையில் பெரிய மனிதர்கள் பேசுவதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, 2023 அக்டோபரில். 90 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசிய வீடியோ 2025 ஜனவரியில் பரவியது. ஜப்பானில் வேலை மிகுதியால் நேரும் மரணத்துக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்கு அரசே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: வாரம் 40 மணிக்கு மேல் பார்த்த கூடுதல் நேரம், நோய் தாக்குவதற்கு முந்தைய மாதத்தில் 100 மணியைத் தொட்டிருந்தால் வேலைக்கும் மரணத்துக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 70 மணி நேர வாரத்தை இதில் வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு 30 கூடுதல், நான்கு வாரத்தில் 120. ஜப்பான் மரணக் கணக்கில் எழுதுகிற எண்ணை இங்கே லட்சியமாக வைக்கிறார்கள். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. தொழிற்சாலைக்காரர்களுக்குக் கேட்கச் சங்கம் இருந்தது. ஐ.டி. பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அதுவும் கிடையாது.

அதனால் வீடுதான் முதலில் விழித்துக்கொள்ள வேண்டும். "எங்க புள்ள ராப்பகலா உழைக்கிறான்" என்று உறவுக்காரர்கள் முன்னால் பெருமை பேசுவதை விடுங்கள். அதைக் கேட்டபிறகு அவனால் 'முடியலம்மா' என்று சொல்ல முடியாது. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. எவ்வளவு, ஆறு மாதம் சம்பளம் குறைந்தால் சமாளிக்க முடியுமா என்று பேப்பரில் எழுதிக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். வேறு வேலைக்குப் போக முடியும் என்று தெரிந்தாலே பாதி இறுக்கம் தளரும். அதற்காக எரிச்சலில் ராத்திரியோடு ராத்திரியாக ராஜினாமா மெயில் தட்டவும் விடாதீர்கள். பல கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியடே 90 நாள். ஏற்கெனவே வற்றிப்போனவர் அந்த மூன்று மாதத்தைத் தாங்க வேண்டுமே. முதலில் நாலு நாள் தூக்கம், பிறகு டாக்டர், அதன் பிறகு முடிவு.

டாக்டரிடம் போனால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அசதிக்கு அவையும் காரணமாக இருக்கலாம். உடம்பில் கோளாறு இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஊழியருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆன்-கால் முறை, அதாவது கூப்பிட்டால் வேலைக்கு வர வேண்டிய முறை, இல்லாத ராத்திரிகளில் ஆபீஸ் செயலிகளின் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், அதை மேனேஜரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் பிரான்ஸிலும் இது சட்டமாகவே வந்துவிட்டது. இங்கே சட்டம் வரும்வரை நீங்களாகத்தான் கோடு போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. "இருந்து என்ன ஆகப்போகுது", "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு பேச்சு அவர் வாயில் வந்துவிட்டால், கோபத்தில் சொல்கிறார் என்று ஒதுக்காதீர்கள். அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். 14416, டெலிமானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் எல்லோருடைய போனிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.