கப்பல் காத்திருக்காது... கலை காத்திருக்கும்!

காலை ஏழு மணி. கேபின் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கறீங்க. கிரேன், கன்டெய்னர், லாரி... 'இதுக்கா இத்தாலி வந்தோம்?'னு முகம் சுருங்குதா? வெயிட் பண்ணுங்க பாஸ். இது லிவோர்னோ துறைமுகம். மத்தியதரைக் கடல்ல சுத்துற சொகுசுக் கப்பல்கள் ஃப்ளோரன்ஸுக்காக நிக்கிற இடம். நிஜ ஃப்ளோரன்ஸ் இன்னும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு!

டூரிஸ்ட்டா வந்தாலும் சரி, கேட்டரிங் முடிச்சு கப்பல் வேலைக்கு வந்து கொஞ்ச நேரம் லீவு கிடைச்சாலும் சரி, கணக்கு ஒண்ணுதான். ரயில்ல போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. துறைமுகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அலையற நேரத்தைக் கழிச்சா, கையில மிஞ்சறது நாலஞ்சு மணி நேரம். தனியா போய் லேட்டா வந்தா, கப்பல் டாட்டா காட்டிட்டுப் போயிடும். அடுத்த துறைமுகம் வரைக்கும் உங்க சொந்த செலவு!

அதனால, 'எல்லாத்தையும் பார்த்துடணும்'னு ஓடாதீங்க. ஒரே ஒருத்தரைப் பார்க்கப் போங்க. அக்காதெமியா கேலரியில நிக்கிற டேவிட். அதாங்க, கோலியாத்தைக் கவண்கல்லால சாய்ச்ச பைபிள் தாவீது. திங்கட்கிழமை கேலரிக்கு லீவு. டிக்கெட்டை முன்கூட்டியே புக் பண்ணிடுங்க.

உயரம் 5.17 மீட்டர். ஆனா அசர வைக்கறது உயரம் இல்லை, அந்தக் கல்லோட கதை. 1464-ல ஒரு சிற்பி கொஞ்சம் செதுக்கிட்டு விட்டுட்டார். அப்புறம் இன்னொருத்தர் வந்தார், அவரும் போயிட்டார். அரைகுறையா வெட்டின அந்தப் பளிங்குப் பாறை, தேவாலயப் பட்டறை முற்றத்துல வருஷக்கணக்கா வெயில்லயும் மழையிலயும் கிடந்தது. 1501-ல அந்த வேலையைக் கையில வாங்கின மைக்கேலேஞ்சலோவுக்கு வயசு என்ன தெரியுமா? 26! 1504-ல சிலை ரெடி. அதை எங்கே வைக்கலாம்னு முடிவு பண்ணக் கூடின குழுவுல லியோனார்டோ டா வின்சியும் போட்டிசெல்லியும் இருந்தாங்க.

பக்கத்துல போய் வலது கையைப் பாருங்க. புடைச்ச நரம்பு தெரியுதா? இப்ப முகத்தைப் பாருங்க. வெட்டின தலை காலடியில கிடக்கற மாதிரிதான் முந்தைய சிற்பிகள் டேவிட்டைக் காட்டினாங்க. இங்கே கோலியாத்தே இல்லை. இது சண்டைக்கு முந்தின நிமிஷம். எக்ஸாம் ஹால் வாசல்ல நின்னிருக்கீங்களே, அந்தப் படபடப்புதான்!

அங்கே போற வழியில ரெண்டு பக்கமும் 'கைதிகள்' சிலைகள் இருக்கும். பல பேர் டேவிட்டை நோக்கி ஓடற வேகத்துல தாண்டிப் போயிடுவாங்க. நீங்க நில்லுங்க. கல்லுக்குள்ளேர்ந்து பாதி உடம்பு மட்டும் திமிறிக்கிட்டு வெளியே வருது. மைக்கேலேஞ்சலோ முடிக்காம விட்ட வேலைகள் இவை. உளித் தடம்கூட அப்படியே இருக்கு. மேதைக்கும் அரியர் உண்டு மக்களே!

வெளியே வந்தா, பொடிநடையில கதீட்ரல். 1420-ல புரூனெலெஸ்கி ஆரம்பிச்சு, தரையிலேர்ந்து சாரம் முட்டுக்கொடுக்காம, பதினாறே வருஷத்துல எழுப்பின குவிமாடத்தை அண்ணாந்து பாருங்க. சிவில் இன்ஜினீயரிங் பசங்க கொஞ்சம் கூடுதலா நிக்கலாம்!

'ஐயோ, ஊஃபிஸி மியூசியத்தை விட்டுட்டமே'னு ஃபீல் பண்றீங்களா? மெடிச்சி வம்சத்தோட கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா, 1737-ல ஒரு ஒப்பந்தம் போட்டார். குடும்பத்தோட கலைச் சொத்து முழுக்க ஊருக்கே. ஆனா எதுவும் ஃப்ளோரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தம்மா புண்ணியத்துல போட்டிசெல்லியோட வீனஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கா. அடுத்த தடவை வந்தாலும் இருப்பா.

கப்பல்தான் காத்திருக்காது. மணியைப் பாருங்க... ஸ்டேஷனுக்கு ஓடுங்க!