காசநோயால் ஏற்படும் மூச்சுக்குழாய்க் குறுக்கம்

காசநோயால் ஏற்படும் மூச்சுக்குழாய்க் குறுக்கம் என்பது, காசநோய் மூச்சுக்குழாயையோ அதன் கிளைக்குழாய்களையோ தாக்கிய பின்னர் அங்கு உருவாகும் தழும்பினால் காற்றுவழி ஒடுங்கும் நிலை ஆகும். காசநோய்க் கிருமியை மருந்துகள் அழிக்கும். முற்றிய தழும்பை அவற்றால் நீக்க இயலாது. எனவே கிருமியை அழித்தல், காற்றுவழியைத் திறத்தல் என இதன் சிகிச்சை இரு பகுதிகளைக் கொண்டது.

தோன்றும் விதம்

மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் பாக்டீரியா, நோயுற்ற நுரையீரல் பகுதியிலிருந்து சளி வழியாகவோ அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலிருந்தோ கிளைக்குழாயின் உட்சுவரை அடைகிறது. முதலில் சுவர் வீங்கிப் புண்ணாகிறது. புண் ஆறும்போது நார்த்திசு வளர்ந்து சுருங்குவதால் குழாய் குறுகுகிறது. இந்நோய் இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இடது முதன்மைக் கிளைக்குழாய் அடிக்கடி பாதிக்கப்படுகிறது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

நீங்காத இருமல், மூச்சுத்திணறல், மூச்சு விடும்போது இழுப்பொலி ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவை ஆஸ்துமாவை ஒத்திருப்பதால் நோய் தவறாகக் கணிக்கப்படுவதுண்டு. ஆஸ்துமாவில் இழுப்பொலி பொதுவாக இரு பக்கமும் கேட்கும். ஒரு கிளைக்குழாய் மட்டும் குறுகியிருந்தால் அது ஒரு பக்கம் மட்டும் கேட்கலாம். மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் இயல்பாகவே தோன்றக்கூடும். சி.டி. படம் குறுக்கத்தின் நீளத்தைக் காட்டும். மூச்சுக்குழாய் அகநோக்கி மூலம் உட்சுவரை நேரில் கண்டு, திசுவும் சளியும் எடுத்துச் சோதிக்கலாம்.

மருந்துச் சிகிச்சை

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் நீடிக்கும். முதல் 2 மாதங்களில் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பிரசினமைட், எத்தாம்பூட்டால் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதங்களில் குறைந்தது முதல் இரண்டும் தரப்படுகின்றன. அழற்சி நிலையிலேயே தொடங்கினால் குறுக்கம் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. எனினும் முறையாக மருந்து உட்கொள்ளும்போதே குழாய் குறுகிவரக்கூடும். ஆகையால் தொடர் கண்காணிப்பு தேவை.

காற்றுவழியைத் திறக்கும் முறைகள்

* பலூன் விரிவாக்கம்: அகநோக்கி வழியே பலூனைச் செலுத்தி, குறுகிய இடத்தில் விரிப்பர். மீண்டும் குறுகினால் திரும்பச் செய்யலாம்.
* வெட்டுதலும் சுடுதலும்: தழும்புத் திசுவை லேசர் அல்லது மின்னாற்றலால் நீக்குவர்.
* ஸ்டென்ட்: விரித்த வழி மூடாதிருக்கப் பொருத்தப்படும் குழல். சிலிக்கோன் குழலைப் பின்னர் வெளியே எடுக்கலாம். உலோகக் குழலினுள் திசு வளர்ந்து, அதனை அகற்றுவது கடினமாகலாம். எனவே புற்றுநோய் அல்லாத குறுக்கங்களில் அதனைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005 இல் எச்சரித்தது.
* அறுவைச் சிகிச்சை: மற்ற முறைகள் பயனளிக்காதபோது குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைப்பர். இதனால் நுரையீரலைக் காக்க இயலும். நெடுநாள் அடைப்பினால் நுரையீரல் சிதைந்திருந்தால் அப்பகுதியையே அகற்ற நேரிடும்.